சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ்: எல்லாமே ‘போர்நிறுத்தம்’தானா?

2025 மே 10, மாலை. இந்தியாவும் பாகிஸ்தானும் ‘முழுமையான, உடனடி சீஸ்ஃபயருக்கு’ ஒப்புக்கொண்டுவிட்டதாக அமெரிக்க அதிபர் ட்ரம்ப் சமூக வலைதளத்தில் அறிவித்தார். சற்று நேரத்தில் மைக் முன் வந்த இந்திய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியின் சுருக்கமான அறிக்கையில் அந்த வார்த்தையே இல்லை. இரு நாட்டு ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர்கள் போனில் பேசினார்கள். மாலை 5 மணி முதல் தரை, வான், கடல் எங்கும் தாக்குதலை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான். அமைச்சர் ஜெய்சங்கர் பயன்படுத்தியது ‘அண்டர்ஸ்டாண்டிங்’, அதாவது புரிந்துணர்வு.

தமிழில் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. நம்மிடம் எல்லாவற்றுக்கும் ‘போர்நிறுத்தம்’ என்ற ஒரே வார்த்தைதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு வார்த்தைகள். நான்குக்கும் எடை வேறு.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசனையா?

ஆமா, காரணம் இருக்கிறது. முதல் காஷ்மீர் போருக்குப் பிறகு, 1949 ஜூலை 27-ல் கராச்சியில் போடப்பட்ட உடன்பாட்டில் காஷ்மீரைப் பிரித்த கோட்டின் பெயர் ‘சீஸ்ஃபயர் லைன்’. அதைக் கண்காணிக்க ஐ.நா. பார்வையாளர்கள் வந்தார்கள். 1971 போருக்குப் பின், 1972 சிம்லா ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் போய் ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’ வந்தது. கோட்டின் பெரும்பகுதி பழைய இடத்திலேயே இருந்தது. ஆனால் இந்தியாவின் வாதம் மாறியது: பழைய கோடே இல்லாதபோது அதைப் பார்க்க வந்த ஐ.நா. குழுவுக்கு இங்கே என்ன வேலை? பாகிஸ்தான் இதை ஏற்கவில்லை. குழு இன்னமும் இருக்கிறது. பெயர் மாறினால் ‘இது இருதரப்பு விவகாரம், மூன்றாவது ஆள் வேண்டாம்’ என்று சொல்லும் வசதி வருகிறது. மே 10 வார்த்தைத் தேர்வையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் புரியும்.

சீஸ்ஃபயர்

சுடுவதை நிறுத்துவது. போர் முடிந்தது என்று அர்த்தமில்லை. நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கலாம், கண்காணிப்பாளர்களும் இருக்கலாம். ஆனாலும் அது காகிதத்தில் உயிரோடு இருக்க, களத்தில் செத்துப்போகலாம்.

இதற்கு இலங்கையே சாட்சி. 2002 பிப்ரவரி 23 முதல் நடைமுறைக்கு வந்த, நார்வே மத்தியஸ்தம் செய்த உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு: விலக விரும்பும் தரப்பு 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஆபீஸ் நோட்டீஸ் பீரியட் போலத்தான். 2006-லேயே முழு அளவில் சண்டை திரும்பிவிட்டது. உயிர்கள் போயின, மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். இலங்கை அரசு நோட்டீஸ் கொடுத்ததோ 2008 ஜனவரி தொடக்கத்தில். ஜனவரி 16-ல்தான் உடன்படிக்கை அதிகாரபூர்வமாக முடிந்தது. அதுவரை ஆவணப்படி அங்கே ‘யுத்த நிறுத்தம்’ அமலில் இருந்தது!

பாஸ்

சீஸ்ஃபயரை விடச் சின்னது. நிவாரணப் பொருள் உள்ளே போகவோ கைதிகள் வெளியே வரவோ தரும் இடைவேளை. காஸாவில் 2023 நவம்பர் 24-ல் நான்கு நாட்களுக்கு என்று தொடங்கிய ‘மனிதாபிமான இடைநிறுத்தம்’ ஏழு நாட்கள் வரை நீண்டு, டிசம்பர் 1 காலையில் முடிந்தது. அன்றே குண்டுவீச்சு மீண்டும் ஆரம்பித்தது. இதைத் தலைப்பில் ‘போர்நிறுத்தம்’ என்று மட்டும் போட்டால் வாசகருக்குப் பாதி தகவல்தான் போய்ச் சேரும்.

ட்ரூஸ்

பழைய வார்த்தை. ‘ட்ரூ’வும் இதுவும் ஒரே குடும்பம், அடியில் இருப்பது நம்பிக்கை, வாக்கு. பல நேரம் தற்காலிகமானது, கையெழுத்துகூட இருக்காது. 1914 கிறிஸ்துமஸில் மேற்குப் போர்முனையின் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் தாங்களாகவே பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்து கைகுலுக்கியது இந்த வகை. மேலதிகாரிகள் அதை ரசிக்கவில்லை.

ஆர்மிஸ்டிஸ்

இருப்பதிலேயே கனமானது. லத்தீனில் ‘ஆயுதம் நிற்பது’. ராணுவத் தளபதிகள் அளவில் முறைப்படி கையெழுத்தாகும். ஆனால் இதுவும் சமாதான ஒப்பந்தம் அல்ல. முதல் உலகப் போரை நிறுத்திய 1918 நவம்பர் 11 ஆர்மிஸ்டிஸ் வெறும் 36 நாட்களுக்குத்தான் போடப்பட்டது. திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். விடியற்காலை கையெழுத்தாகி 11 மணிக்கு அமலுக்கு வந்த அந்த இடைப்பட்ட நேரத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியுடனான சமாதான ஒப்பந்தம் வெர்சாயில் கையெழுத்தானது 1919 ஜூன் 28-ல்.

கொரியாவில் அந்தக் கடைசிப் படி வரவே இல்லை. 1953 ஜூலை 27-ல் பன்முன்ஜோமில் ஐ.நா. படை, வட கொரியா, சீனத் தரப்புகள் கையெழுத்திட்டன. தென் கொரியா கையெழுத்திட மறுத்தது. வீடு திரும்ப மறுத்த போர்க் கைதிகளைக் கவனிக்கும் பன்னாட்டு ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா தலைவரானார். கைதிகள் விவகாரம் 1954-ல் முடிந்துவிட்டது. சுமார் 4 கிலோமீட்டர் அகல ராணுவமற்ற மண்டலம் அப்படியே நிற்கிறது. போட்டித் தேர்வில் ‘கொரியப் போர் எப்போது முடிந்தது’ என்றால் 1953-ஐ டிக் செய்யலாம், மார்க் கிடைக்கும். ஆனால் சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை.