எந்த விதையைச் சேமிக்கலாம்?

அண்மையில் நாம் மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மானாவாரி நிலங்களின் வழியே நடந்து சென்றோம். நிலக்கடலைக்கு நடுவே வரிசை வரிசையாக ஆமணக்கு நின்றது. அங்கே பெரியவர் ஒருவர் தம் கொல்லையைக் காட்டி வருந்தினார்.

"வாத்தியார் ஐயா! போன வருஷம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட வீரிய ஒட்டு விதை ஒரே சீராய் வந்தது. அதில் எடுத்த கொட்டைமுத்தையே இந்த வருஷம் விதைத்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரு குலை நிறைவு, ஒரு குலை பொக்கு. நிலம் கெட்டதா, விதை கெட்டதா?"

இரண்டும் கெடவில்லை. மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடிகளில் கண்டு, 1866-ம் வருஷம் அச்சிட்டு, 1900-ம் வருஷம்வரை உலகம் பொருட்படுத்தாமலிருந்த நியதிதான் அந்தக் கொல்லையில் விளைந்திருந்தது. நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அதன் விதையை விதைத்தாலோ, ஏறக்குறைய நாலுக்கு ஒன்று குட்டையாகிறது. மறைந்திருந்த குணம் அழிந்துவிடவில்லை, காத்திருந்தது.

ஆமணக்குக் குலையில் சாதாரணமாக மேலே பெண் பூவும் கீழே ஆண் பூவும் இருக்கும். பெண் பூவே மிகுந்த செடிகளைத் தேர்ந்து தாயாகவும், வேறொரு ரகத்தைத் தந்தையாகவும் அருகருகே வளர்த்து ஒட்டு விதை எடுக்கிறார்கள். இம்முறையில் குஜராத்தில் 1968-ல் ஜி.சி.எச். 3 வெளிவந்தது. நமக்கு அண்டையில், சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் ஒய்.ஆர்.சி.எச். 1 என்னும் ரகத்தைத் தந்தது.

ஆமணக்கின் குரோமோசோம்கள் 10 ஜோடி. ஜோடிக்கு ஒரே ஒரு குணத்தில் தாயும் தந்தையும் வேறுபட்டாலும், இரண்டாம் தலைமுறையில் 59,049 விதமான சேர்க்கைகளுக்கு இடமுண்டு. பெரியவரின் கொல்லை சீர் குலைந்ததில் வியப்பென்ன?

"அப்படியானால் கடலை விதையையும் வருஷா வருஷம் வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

வேண்டியதில்லை. கடலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வது. ஆகவே பிள்ளை தாயைப் போலவே இருக்கும். குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து திண்டிவனத்தில் பொறுக்கியெடுத்து 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2, அதனால்தான் பல பத்தாண்டுகள் குடியானவர் கையிலேயே விதையாக வாழ்ந்தது. ஆமணக்கிலும் டி.எம்.வி. 5, டி.எம்.வி. 6 போன்ற ஒட்டல்லாத ரகங்கள் உண்டு. காற்று மகரந்தத்தைச் சுமந்து வருமாதலால், பிற ஆமணக்குக்கு எட்டத்தில் பயிரிட்டு அவற்றின் விதையைச் சேமிக்கலாம்.

மகசூல் கூடும்; ஆனால் விதைக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். விதை கையிலிருக்கும், ஆனால் மகசூல் சற்றுக் குறையலாம். இரண்டில் எது தமக்கு ஏற்றது என்பதை உழுகிறவரே தீர்மானிக்கட்டும். நம் தேசம் தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்கும் இந்நாளில், விதையோடு இந்த விவரமும் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு பருவத்து உழைப்பைப் பறிகொடுத்தபின் அறிவது, அறிவுக்கு மிகையான விலையல்லவா?