எடுத்துரைத்தல் என்னும் கிரேக்க வினை

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முகவுரை 18 வசனங்களைக் கொண்டது. ஆதியில் இருந்த 'வார்த்தை'யைப் பற்றிய கூற்றோடு தொடங்கும் அம்முகவுரை, கிரேக்க மூலத்தில் 'எக்ஸேகேசாத்தோ' என்னும் ஒரு வினைமுற்றோடு முடிவடைகின்றது. கடவுளை ஒருவரும் ஒருபோதும் கண்டதில்லை என்று கூறிய ஆசிரியர், தந்தையோடு நெருங்கியிருக்கும் மகன் செய்தது இன்னதென்று இவ்வொரு சொல்லாற் கூறி அமைகின்றார். அச்சொல்லின் பொருள் யாது என்பது மொழிபெயர்ப்பாளரை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்த வினாவாகும்.

இவ்வினையின் அடிச்சொல் 'ஹேகெயோமாய்' என்பது. முன்னின்று நடத்துதல் என்பது அதன் பொருள். அதனோடு 'வெளியே' என்னும் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து 'எக்ஸேகெயோமாய்' ஆயிற்று. 'ஊடாக' என்னும் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து 'தியேகெயோமாய்' ஆயிற்று. இரண்டும் எடுத்துரைத்தலைக் குறிக்கும். கேட்போனைக் கைப்பிடித்து நடத்திச் செல்லுதலே கதை சொல்லுதல் என்னும் கருத்து இச்சொற்களின் அமைப்பிலேயே பொதிந்து கிடக்கின்றது.

இரண்டாவது சொல், நிகழ்ச்சியொன்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை விரித்துரைத்தலைச் சுட்டும். வானங்கள் கடவுளின் மகிமையை அறிவிக்கின்றன எனப் பாடும் 19ஆம் சங்கீதத்தில், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க வேதம் இச்சொல்லையே ஆள்கின்றது. அதற்கு மூலமான எபிரேய வினையோ, எண்ணுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. நடந்தவற்றை ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்லுதலே அங்கு எடுத்துரைத்தல். லூக்கா தம் நூலின் முதல் வசனத்தில் வரலாற்றைக் குறிக்க வழங்கும் 'தியேகேசிஸ்' என்னும் பெயரும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

முதலாவது சொல்லுக்கு வேறொரு வழக்கும் உண்டு. பண்டைய ஆதென்ஸ் நகரில் சமய விதிகளுக்கு விளக்கம் கூறிய அதிகாரிகள் 'எக்ஸேகேத்தாய்' எனப்பட்டனர். தெல்பியிலுள்ள அப்பொல்லோ தேவனையும் பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில் இப்பெயராற் குறிப்பிடுகின்றார். தெய்வத்துக்குரிய மறைபொருளை மனிதர்க்கு விளக்குதல் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டென்பது இதனாற் புலப்படும். வேதவிளக்கத்தைக் குறிக்க மேனாட்டு மொழிகள் வழங்கும் 'எக்செஜெசிஸ்' என்னும் சொல்லும் இவ்வேரினதே.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை ஆறு இடங்களில் மட்டுமே வருகின்றது. அவற்றுள் ஐந்து லூக்காவின் எழுத்துக்களில் உள்ளவை. எம்மாவு ஊரிலிருந்து திரும்பிய இருவர் வழியில் நடந்தவற்றைச் சொல்லுகின்றனர். கொர்நேலியு தான் கண்ட தரிசனத்தை ஏவலாளருக்குக் கூறி அவர்களை யோப்பாவுக்கு அனுப்புகின்றான். எருசலேமில் கூடிய சபையில் பர்னபாவும் பவுலும் தம் பணியின் அற்புதங்களை விவரிக்கின்றனர். எஞ்சிய இரண்டு இடங்களும் இத்தகையனவே. ஐந்திலும், நடந்ததை அறிந்தவர் அறியாதவர்க்கு உரைக்கின்றார்.

ஆறாவது இடமே யோவானின் முகவுரை. அங்கு ஒரு சிக்கல் உண்டு. கிரேக்க மூலத்தில் இவ்வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. யாரை, அல்லது எதை உரைத்தார் என்பது சொல்லப்படவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் 'அவரை' என்னும் சொல்லைத் தாமே சேர்க்கின்றனர். தமிழ் வேதாகமத்தில் வழங்கும் 'வெளிப்படுத்தினார்' என்னும் சொல், மறைந்திருந்ததைக் காட்டுதலை முதன்மைப்படுத்துகின்றது. 'விளக்கினார்' என்போர் ஆதென்ஸ் வழக்கை நினைவூட்டுவர். அடிச்சொல்லைப் பற்றிக்கொண்டு, 'வழிகாட்டினார்' எனப் பொருள் கொள்ளும் அறிஞரும் உளர்.

லூக்காவின் வழக்கைக் கொண்டு யோவானின் கருத்தை முடிவாக அறுதியிட இயலாது. எனினும் அச்சொல் நிற்கும் இடம் கவனிக்கத்தக்கது. அதனை அடுத்த வசனத்திலேயே, யோவான் ஸ்நானகனின் சாட்சியோடு வரலாறு தொடங்கிவிடுகின்றது. கானா ஊர்க் கலியாணமும், கிணற்றடி உரையாடலும், சிலுவை மரணமும் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. காணப்படாத கடவுளைப் பற்றி இலக்கணம் வகுத்துக் கூறாது, ஒரு வாழ்க்கையைச் சொல்லிச் செல்லுகின்றது அந்நூல். 'எடுத்துரைத்தார்' என்று அச்சொல்லைக் கொண்டால், விட்டுப்போன செயப்படுபொருளைத் தேடவேண்டிய தேவை குறைகின்றது. அதன்பின் வரும் நூல் முழுவதுமே அவ்வினைக்குச் செயப்படுபொருளாய் அமைந்துவிடுகின்றது.