காலி சம்ப் மிதக்கும், தெரியுமா?

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பாதாள அறை கட்டிய வீடு அபூர்வம். வாசலுக்கடியில் சம்ப் தோண்டிய வீடுகளோ தெருவுக்குத் தெரு! அந்தச் சம்ப் ஐப்பசி அடைமழையில் படகாக மாறப் பார்க்கும், தெரியுமா?

சுற்றிலும் மண் ஊறி, நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொட்டுவிட்டால், 10,000 லிட்டர் கொள்ளும் காலித் தொட்டியை அது 10 டன்னுக்கும் மேலான விசையோடு மேலே தள்ளும்! தொட்டியின் எடை ஈடுகொடுக்காவிட்டால் அடித்தளம் விரிசல் விடும். தொட்டியே கிளம்புவதும் உண்டு. புயல் செய்தி கேட்டதும் சம்பை இறைத்துக் கழுவிக் காயவைக்கும் சுத்தக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள்! மழைக்காலம் முடியும்வரை அது நிரம்பியே கிடக்கட்டும். கழுவுவதைப் பங்குனியில் வைத்துக்கொள்ளலாம்.

மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் இன்னும் விசித்திரம்! கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அமுக்கிவைக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால்? மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது 1960களின் கடைசியிலேயே தெரியவந்த சங்கதி. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த உப்புத் தண்ணீர் செங்கல்லின் நுண்துளைகளில் புகுந்து சுவரேறும். ஈரம் காயக் காய, உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். ஓதத்தை மறைக்க டைல்ஸ் ஒட்டுகிறார்களே, அதுதான் பெரிய கூத்து. காய வழியில்லாத ஈரம் டைல்ஸையும் தாண்டி மேலே ஏறும்! சுண்ணாம்புப் பூச்சாவது சுவரை மூச்சுவிட வைக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தின் மேல் ஓதத்தடுப்புப் பூச்சு போடாமல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

வீடு நின்ற இடத்திலேயே நிற்க, தெரு மட்டும் வளர்கிறது, கவனித்தீர்களா? எல்லாம் தார்மேல் தார் போட்ட புண்ணியம்! தெரு உயர உயர, மழைத் தண்ணீர் வாசலுக்குள் இறங்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வந்தால் இதைக் கேளுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து, எண்ணூர் வட்டாரத்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு கிழித்தது. எண்ணெய் இறங்கிய சம்பில் பிளீச்சிங் பவுடரின் பாச்சா பலிக்காது! உங்கள் சுவரில் அந்தக் கோடு இருந்தால், சம்பின் வாயை அதற்கும் ஒரு அடி மேலே உயர்த்திக் கட்டி, ரப்பர் வைத்த மூடி போடுங்கள்.