தொக்கணமும் அதன் பயனும்

நாற்று நடும் பெண்டிரும் தென்னை ஏறும் தொழிலாளரும் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதை இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் நாம் யாவரும் அறிவோம். இவர்களுள் பலர் நாடிச் செல்வது வர்ம ஆசானின் வைத்தியசாலையையே. ஆசான் தைலம் பூசித் தடவிப் பிடிக்கும் முறையைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்று கூறும். புற மருத்துவம் 32-இல் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என இது 9 வகைப்படும்.

இதனால் இறுகிய தசை தளர்கிறது. உறக்கமும் நன்கு வருகிறது. இடுப்பு வலி சில காலம் தணியும். ஆனால் தேய்ந்த மூட்டைத் தைலம் புதிதாக்கிவிடாது. அவ்வாறு சொல்வோரை நம்ப வேண்டியதில்லை.

மரத்தினின்று வீழ்ந்தவரை மட்டும் ஒருபோதும் தடவலாகாது. விழுந்த ஒருவரை நால்வர் தூக்கி உட்காரவைத்து முதுகை நீவிக்கொண்டிருந்ததை நாமே ஒருமுறை கண்டு பதறினோம். முதுகெலும்பு முறிந்திருப்பின், புரட்டுவதாலேயே தண்டுவடம் நைந்து கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். அவரை அசைக்காது 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது ஆசான்மார் கணக்கு. ஆம்புலன்ஸ் எண்ணும் அதுவாகவே அமைந்தது மறவாதிருக்க உதவும்!

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் கண்டால் அதையும் பிடித்துவிடலாகாது. உள்ளே உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். காய்ச்சல் உள்ளவர்க்கும் கருவுற்றவர்க்கும் மருத்துவரைக் கேளாது தொக்கணம் செய்தல் கூடாது. சிகிச்சை அளிப்பவர் முறையாகப் பதிவு பெற்றவரா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் விசாரித்தறிந்து ஊராருக்குத் தெரிவிக்கலாம்.