ஆர்கானிக் லேபுக்குப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுற சீசன்ல பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்க. பழனி வர்ற வரைக்கும் மூக்குக்குத் தீபாவளிதான்! அந்த ஆலைக்குள்ள ஒரு பெரியவர் கொப்பரைப் பக்கத்துலேயே நிப்பார். கொதிக்கிற பாகுல துளி எடுத்து, தண்ணியில விட்டு, விரலால உருட்டிப் பார்ப்பார். பதம் வந்துச்சா, இல்லையா? தெர்மாமீட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. ஆனா கொப்பரையை விட்டுக் கண் நகராது. ஒரு நிமிஷம் அசந்தா அன்னிக்குக் காய்ச்சின மொத்தப் பாகும் போச்சு.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில ஆர்கானிக் ப்ராக்டிகல் உங்ககிட்ட எதிர்பார்க்கறதும் இதைத்தான். கண்ணால பார்க்கணும், பார்த்ததை எழுதணும். ஆனா நம்ம மக்கள் லேபுக்குள்ள நுழையும்போதே கேக்குற முதல் கேள்வி என்ன? "டேய், இன்னிக்கு என்ன காம்பவுண்டுடா?"

அங்கேயே ஆட்டம் க்ளோஸ்!

முதல்ல சோடியம் விஷயத்துக்கு வருவோம். ஆர்கானிக் அனாலிசிஸ்ல உங்களைப் பயமுறுத்துறதும், சீனியர்கள் கதை கதையா சொல்றதும் லாஸ்ஸேன் டெஸ்ட்தான். பிரான்ஸ்ல கால்நடை மருத்துவக் கல்லூரி ஒண்ணுல கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்த ழான் லூயி லாஸ்ஸேன் 1843-ல் வெளியிட்ட முறை இது. இவ்வளவு வருஷம் ஆகியும் நம்ம லேபை விட்டுப் போகலை. காரணம் சிம்பிள். ஆர்கானிக் பொருள்ல நைட்ரஜன், சல்ஃபர், குளோரின் எல்லாம் கார்பனோட இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணியில கலக்கினா அயனியா வெளியே வராது. சோடியத்தோட சேர்த்துச் செக்கச் சிவக்கக் காய்ச்சினாதான் சயனைடாகவும் சல்ஃபைடாகவும் ஹாலைடாகவும் மாறும். அப்புறம்தான் டெஸ்ட் ட்யூப்ல நிறம் காட்டும்.

இதுல விதி என்ன? சோடியத்தைக் கையால தொடக் கூடாது. காய்ந்த ஃபில்டர் பேப்பர்ல வெச்சு, மண்ணெண்ணெயை ஒற்றி எடுத்து, ஒரு சின்னப் பட்டாணி அளவு போதும். பெரிசா போட்டா ரிசல்ட் பெரிசா வராது, சத்தம்தான் பெரிசா வரும்! சிவந்த இக்னிஷன் ட்யூபைச் சைனா டிஷ் தண்ணிக்குள்ள இறக்கும்போது கண்ணாடி 'பட்'டுனு உடையும். மீந்த சோடியம் தண்ணியோட சேர்ந்து பொறி பறக்கும். அந்த நேரத்துல குனிஞ்சு எட்டிப் பார்க்கறது சுத்தப் பைத்தியக்காரத்தனம். கம்பி வலையால மூடுங்க, முகத்தைத் திருப்பிக்குங்க. வெட்டி மீந்த சோடியத் துண்டை சிங்க்ல போடுற ஹீரோக்கள் பேட்சுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. நீங்க அந்த ஒருத்தரா இருக்காதீங்க. மீந்ததை மறுபடி மண்ணெண்ணெய்க்குள்ளேயே போடணும். இல்லைன்னா டெமான்ஸ்ட்ரேட்டர் முன்னாடி ஆல்கஹால்ல கொஞ்சம் கொஞ்சமா கரைக்கணும்.

இன்னொரு இடத்துலயும் நிறைய பேர் சறுக்குவாங்க. ஹாலஜன் பார்க்கறப்போ சில்வர் நைட்ரேட்டை நேரா ஊத்தக் கூடாது. முதல்ல நைட்ரிக் அமிலம் சேர்த்து நல்லா கொதிக்க வைக்கச் சொல்லுவாங்க. 'எதுக்கு, டைம் வேஸ்ட்'னு அதைத் தாண்டினா என்ன ஆகும்? கரைசல்ல இருக்கிற சயனைடே சில்வரோட சேர்ந்து வெள்ளையா படியும். நீங்க சந்தோஷமா 'குளோரின் இருக்கு'னு எழுதிடுவீங்க. சரி, கொதிக்க வெச்சா அந்த சயனைடு எங்கே போகும்? ஹைட்ரஜன் சயனைடு வாயுவா வெளியே வரும். அளவு கொஞ்சம்தான். ஆனாலும் அதை ஃப்யூம் கப்போர்டுல செய்யச் சொல்றது சும்மா இல்லை.

அடுத்து, டிரஸ். வெள்ளை ஓவர்கோட் போடலைன்னா உள்ளே விடமாட்டேன்னு சொன்னா நமக்குக் கோபம் வருது. வெயில்ல புழுங்குதுதான், ஒத்துக்கறேன். ஆனா அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல 2008 டிசம்பர் 29-ல் நடந்ததைக் கேளுங்க. ஷெரி சாங்ஜி, வயசு 23. டெர்ஷியரி பியூட்டைல் லித்தியம்னு காத்து பட்டாலே தீப்பிடிக்கிற ஒரு பொருளைச் சிரிஞ்சில் எடுத்துக்கிட்டிருந்தாங்க. சிரிஞ்சு பிடி கழன்று வந்திடுச்சு. உடம்புல இருந்தது சிந்தெடிக் ஸ்வெட்டர். ஓவர்கோட் இல்லை. தீ பிடிச்சது. 18 நாள் போராடி, 2009 ஜனவரி 16-ல் இறந்துட்டாங்க. அந்த வழக்குல பல்கலைக்கழகம், பேராசிரியர் இரண்டு பேர் மேலயும் கிரிமினல் குற்றச்சாட்டு வரைக்கும் போச்சு.

நம்ம லேப்ல அந்த லித்தியம் இல்லை. ஆனா பன்சன் பர்னர் இருக்கு. நைலான் துப்பட்டாவும் இருக்கு! துப்பட்டாவைப் பின்னாடி கட்டி கோட்டுக்குள்ள சொருகுங்க. பின்னலையும் கோட்டுக்குள்ள விடுங்க. நிலக்கோட்டை மல்லியைச் சாயங்காலம் வெச்சுக்கலாம், பூ எங்கேயும் ஓடிப்போகாது. பசங்களுக்கும் உண்டு: ரப்பர் செருப்பு வேணாம், ஷூதான். அமிலம் சிந்தினா முதல்ல இறங்குறது கால்லதான். கண்ணாடி கவசம் கல்லூரியில கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க. பன்சன் பர்னர் புகழ் ராபர்ட் பன்சனே ஒரு ஆர்செனிக் பொருள் வெடிச்சு வலது கண் பார்வையை இழந்தவர்தான்.

கண்ணுலயோ தோல்லயோ ஏதாவது தெறிச்சா? தண்ணி. நிறைய தண்ணி. 15 நிமிஷம் விடாம. அமிலம் பட்ட இடத்துல காரத்தை ஊத்தி 'நியூட்ரலைஸ்' பண்ற ஐடியாவை பேப்பரோட வெச்சுக்குங்க.

இப்போ நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல். டை எத்தில் ஈதர் கொதிக்கிறது 34.6 டிகிரி செல்சியஸ்ல. ஏப்ரல் மாசம் மத்தியானம் பழனி, திண்டுக்கல் சமவெளியில வெயில் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அதாவது, மூடியைத் திறந்து வெச்சாலே ஈதர் அடுப்பில்லாமல் கொதிக்கிற ஊர் நம்மது! அந்த ஆவி காத்தைவிடக் கனம். மேஜை மேலேயே தவழ்ந்து போய் நாலு பெஞ்ச் தள்ளி எரியிற பர்னர்ல பத்திக்கும். வெளிநாட்டுப் புத்தகத்துல 'அறை வெப்பநிலை'ன்னு போட்டிருந்தா அது அவங்க அறை. அதனால ஈதர், அசிட்டோன், ஆல்கஹால் எடுக்கிற அன்னிக்கு, பக்கத்துல பர்னர் எரியுதான்னு பார்த்துட்டுத்தான் மூடியில கை வைக்கணும். சூடு பண்ணியே ஆகணும்னா தண்ணித் தொட்டியில, நேரடி நெருப்புல இல்லை.

சிங்க் விஷயம். வேலை முடிஞ்சா எல்லாத்தையும் சிங்க்ல கவிழ்த்துட்டுக் கிளம்பறது நம்ம பழக்கம். அது எங்கே போகுது? பழனிக்கும் நெய்க்காரப்பட்டிக்கும் நடுவுல சண்முகநதி ஓடுது, அது அமராவதியில சேருது. திண்டுக்கல்லைச் சுத்தித் தோல் தொழிற்சாலைக் கழிவு கிணத்துத் தண்ணியை என்ன பண்ணுச்சுன்னு அந்தப் பக்கத்து ஃப்ரெண்டைக் கேட்டா சொல்லுவாங்க. ஒரு பேட்ச் மாணவர்கள் ஊத்தறது அதுல துளிதான். இருந்தாலும் குளோரின், ப்ரோமின் கலந்த கரைப்பான்களுக்கும் குரோமேட் கரைசலுக்கும் தனித்தனி கேன் வைக்கச் சொல்லிக் கேளுங்க. கேன் வாங்க பெரிய செலவு ஆகாது.

சரி, மார்க் விஷயம். இதுலதான் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவீங்க!

ரெக்கார்டு. சீனியர் ரெக்கார்டை வாங்கி, படம் உட்பட அப்படியே இறக்குறது இங்கே குடிசைத் தொழில். மாட்ட மாட்டோம்னு நினைப்பு. ஆஸ்பிரின் தயாரிப்பை எடுத்துக்குங்க. 2 கிராம் சாலிசிலிக் அமிலம் எடுத்தா, கணக்குப்படி அதிகபட்சம் 2.6 கிராம் ஆஸ்பிரின்தான் கிடைக்கும். ஒருத்தர் 2.9 கிராம்னு எழுதியிருப்பார். அப்படின்னா பொருள் காயவே இல்லை, தண்ணியோட எடை போட்டிருக்கார். அது நிஜமா எடை போட்டவர் பண்ற தப்பு, மன்னிக்கலாம். ஆனா மொத்த பேட்சும் 2.1 கிராம்னு எழுதினா? மேடம் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாலும் உள்ளுக்குள்ள கணக்கு வெச்சிருப்பாங்க.

1.3 கிராம் வந்தா 1.3-ன்னே எழுதுங்க. ஏன் குறைஞ்சுதுன்னு ஒரு வரி சேருங்க: கழுவும்போது தண்ணி அதிகமாச்சு, ஐஸ் பத்தலை, ஃபில்டர் பேப்பர் கிழிஞ்சுது. ஃபெரிக் குளோரைடு விட்டப்போ ஊதா நிறம் வந்துச்சா? சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். அதையும் எழுதுங்க. சுத்தமான ஆஸ்பிரின் உருகுறது ஏறக்குறைய 135 டிகிரியில. உங்களோடது 126-ல உருகினா அதுவும் ஒரு தகவல்தான். அப்சர்வேஷன் நோட்டுல பேனாவாலதான் எழுதணும், தப்பை ஒரு கோடு போட்டு அடிக்கணும், ஒயிட்னர் கூடாதுன்னு சொல்றாங்களே, அந்த ரூல் வெறும் காலேஜ் ரூல் இல்லை. மருந்துக் கம்பெனிகளோட குவாலிட்டி கன்ட்ரோல் லேப்லயும் அதே ரூல்தான். பி.எஸ்ஸி. முடிச்சதும் நீங்க போய் நிக்கப்போற இடத்துல அதுவும் ஒண்ணு. 2013-ல் ரான்பாக்ஸி கம்பெனி அமெரிக்காவுல குற்றத்தை ஒப்புக்கிட்டு 50 கோடி டாலர் கட்டுச்சு. அந்த விவகாரத்துல முக்கியமான ஒண்ணு, செய்யாத டெஸ்ட்டைச் செஞ்சதா காட்டினது. வீட்டுல நீங்கதான் முதல் பட்டதாரின்னா, பொய் எண் எழுதச் சொல்லி மேலே இருக்கறவர் கண்ணைக் காட்டுற அன்னிக்கு மறுக்கிறது ரொம்பக் கஷ்டம். இந்த ரெக்கார்டுலயே பழகிக்கலாம்.

வருகை: தியரி க்ளாஸ் போல இல்லை. தியரியைத் தவறவிட்டா நோட்ஸ் வாங்கலாம், லேபைத் தவறவிட்டா வாங்க எதுவும் இல்லை. வீட்டுல விசேஷம்னா முன்னாடியே சொல்லி இன்னொரு பேட்சோட செய்ய அனுமதி கேளுங்க, பெரும்பாலும் கிடைக்கும். உடைஞ்ச கண்ணாடிக்கு ப்ரேக்கேஜ் கட்டணும். மறைச்சு வெச்சா அடுத்தவர் கையைக் கிழிக்கும், உடனே சொல்லிடுங்க.

எக்ஸ்டர்னல் வர்ற அன்னிக்கு, என்ன காம்பவுண்டுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க அட்டெண்டர் அண்ணனைச் சுத்துற கூட்டம் ஒண்ணு இருக்கும். அந்த அண்ணனை விட்டுடுங்க, பாவம், அவருக்கு வேலை போகும். விடை தெரிஞ்சவர் வைவாவுல மாட்டுறதும் சுலபம். உதாரணத்துக்கு இந்தக் கேள்வி: சுக்ரோஸ் ஃபெலிங் கரைசலை ஒடுக்காது. ஆனா நெய்க்காரப்பட்டி வெல்லத்தைக் கரைச்சு ஊத்தினா செங்கல் சிவப்பு படியுதே, ஏன்? காய்ச்சும்போது சுக்ரோஸ்ல ஒரு பகுதி குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைஞ்சிருக்கும், அதான். மனப்பாடம் பண்ணினவர் 'வெல்லம்னா சுக்ரோஸ், அதனால வராது'ன்னு அடிச்சுச் சொல்லுவார். டெஸ்ட் ட்யூபைப் பார்த்தவர் 'வந்துச்சு சார்'னு ஆரம்பிப்பார்.

நாளைக்குக் காலையில முதல் பேட்ச்னா, இன்னிக்கு ராத்திரியே வெங்கடேஸ்வரன், வீராசாமி, குழந்தைவேலு புத்தகத்துல அந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சு, செய்முறையைச் சொந்த வார்த்தையில நோட்டுல எழுதிடுங்க. ஓவர்கோட்டைத் துவைச்சுப் போடுங்க, காயணும். சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, லேபுக்குள்ள முறுக்குகூடக் கூடாது. பஸ்ஸை விட்டுடாதீங்க.