எழுபது வயதில் ஒரு தூக்க மாத்திரை

போதைப் பழக்கம் என்றதும் நமக்குக் கல்லூரி வாசலும் கஞ்சாப் பொட்டலமும்தான் நினைவுக்கு வருகின்றன. விழிப்புணர்வுப் பேரணிகளும் இளைஞர்களை நோக்கியே நடக்கின்றன. தாத்தாவையும் பாட்டியையும் அந்தப் பேச்சில் சேர்ப்பதே மரியாதைக் குறைவு என்று படுகிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களைப் பிடிக்கும் பழக்கங்களில் மதுவும் புகையிலையும் நம் கண்ணுக்குத் தெரிபவை. இன்னொன்று மருத்துவர் சீட்டோடு கௌரவமாக வீட்டுக்குள் வந்து, தலையணைக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வது. அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளைச் சொல்கிறேன்.

இவை இளைஞர் உடலில் ஒரு மாதிரியும் முதியவர் உடலில் வேறு மாதிரியும் வேலை செய்கின்றன. வயது ஏற ஏறத் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. உடலிலுள்ள நீர் குறைகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் தணிகிறது. இரத்தத்தில் டயஸிபாமின் அளவு பாதியாகக் குறைய இருபது வயதில் சுமார் 20 மணி நேரம் ஆகும். எண்பது வயதில் 90 மணி நேரம் வரை ஆகலாம் என்று 1970-களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்படியென்றால் திங்கட்கிழமை போட்ட மாத்திரை கரைந்து முடிவதற்குள் செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகளும் அதன்மேல் வந்து சேர்கின்றன. பகலில் மந்தம், பேச்சில் தடுமாற்றம், மறதி எல்லாம் தலைகாட்டும்போது, "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தரை வழுக்கியது என்பார்கள். பழியெல்லாம் முதுமைக்கும் தரைக்கும் போகிறது, மாத்திரை தப்பித்துக்கொள்கிறது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-ல் பட்டியலிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்த பதிப்பிலும் இந்த வகைத் தூக்க மாத்திரைகள் இடம்பெற்றுள்ளன; கீழே விழுவதும் எலும்பு முறிவதும் புத்தி குழம்புவதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

டாக்டர் எழுதித் தந்ததுதானே, இதை எப்படித் தவறான பழக்கம் என்பது? நியாயமான கேள்விதான். டாக்டர் எழுதியது பெரும்பாலும் சில நாட்களுக்கு: ஒரு சாவு, ஓர் அறுவை சிகிச்சை, ஒரு பிரிவு தந்த தவிப்பைக் கடப்பதற்கு. சீட்டு பழசாகிறது, மாத்திரை மட்டும் தொடர்கிறது. அல்பிரசோலமும் டயஸிபாமும் இந்திய மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் முதல், இவற்றை விற்கும் கடைக்காரர் எழுதிய மருத்துவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பல வருஷமாக வாங்கும் பெரியவர் காலி அட்டையை நீட்டினால், அவரிடம் புதுச் சீட்டு கேட்கத்தான் பல கடைக்காரர்களுக்கு மனம் வருவதில்லை.

மாத்திரை இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கமே வராது என்பார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பழகிய மாத்திரையைத் திடீரென்று விட்டால் சில நாட்கள் தூக்கம் முன்பைவிட மோசமாகும். அது மாத்திரையே உண்டாக்கிய தூக்கமின்மை. மீதிப் பாதிக்குக் காரணம், தூக்கம் பற்றிய நம் எதிர்பார்ப்பு. வயதானவர்களின் ஆழ்ந்த தூக்கம் இயல்பாகவே குறைகிறது, இரவில் விழிப்பு கூடுகிறது. எட்டரை மணிக்குச் சீரியல் முடிந்து படுத்தவர் நாலு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் படுக்கையில் இருந்திருக்கிறார். அதற்கு மருந்து தேவையில்லை. பகல் தூக்கத்தைக் குறைப்பது, மாலைக் காபியை விடுவது, வெயில் படும்படி நடப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவற்றை முதலில் முயன்று பார்க்க வேண்டும். நாள் முழுதும் பேச ஆளில்லாத வீட்டில் இவை மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்; அங்கே தூக்கமின்மையைவிடப் பெரிய நோய் தனிமை.

"இந்த வயசுல எதை மாத்தி என்ன ஆகப்போவுது" என்ற சலிப்பைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தூக்க மாத்திரைக்குப் பழகிய 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, அதன் தீமைகளையும் படிப்படியாகக் குறைக்கும் வழியையும் விளக்கும் சிறு கையேடு மட்டும் தரப்பட்டது. 2014-ல் அந்த ஆய்வின் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுதாக விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம் பேர்தான். புகையிலையிலும் இதே கதை. 1951-ல் தொடங்கி பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, அறுபது வயதில் சிகரெட்டை விட்டவருக்கும் சுமார் மூன்று ஆண்டு ஆயுள் கூடுவதைக் காட்டியது.

இருக்கும் ஒரே சுகத்தையும் பிடுங்குவானேன் என்று மாலை நேர மதுவுக்காக வாதாடுபவர்களும் உண்டு. அந்த இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடலில் நீர் குறைந்துபோனதால் நாற்பது வயதில் குடித்த அதே அளவு எழுபதில் கூடுதல் போதையாகிறது. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். தெரிந்தே எடுக்கும் முடிவு அந்தப் பெரியவருடைய உரிமை. இதையெல்லாம் அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் முன் கொட்டி, "இதில் எதையெல்லாம் நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். குடியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வலிப்பு வரக்கூடும், மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மனநலம் பற்றிப் பேச 14416, போதைப் பழக்கத்துக்கு 14446, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய அரசு எண்களை அழைக்கலாம்.