செகண்ட் ஹேண்ட் கேமராவில் பூஞ்சை வாடையா? சென்ட் அடிக்காதீங்க... செக் பண்ணுங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்துப் பக்கம் போய் போட்டோ எடுக்கணும்னு செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கிட்டீங்களா? பையைத் திறந்ததும் குப்புனு வாடை அடிக்குதா? சென்ட் அடிச்சு மறைக்காதீங்க. அது ஈரம் தேங்கி பூஞ்சை வந்ததுக்கான அறிகுறியா இருக்கலாம்.

மலையடிவார ஊர்களான ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக் காலம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

முதல்ல லென்ஸுக்குள்ள மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சைதான். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். நீங்களே கழட்டாம சர்வீஸுக்குக் கொடுங்க.

இழை இல்லையா? பேட்டரியை எடுத்துட்டு, காற்றுப்புகாத டப்பாவில் கேமராவை வைங்க. கூடவே வாடையை இழுக்க ஆக்டிவேட்டட் சார்கோல் பாக்கெட், ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல். சில நாள்களில் வாடை குறையும். அந்துருண்டை வேண்டாம், அதுவே தனி வாடை!

பழைய பையைத் துவைத்து வெயிலில் காயவைக்கலாம். கேமராவை வெயிலில் வைக்கக் கூடாது. வாடை போன பிறகும் டப்பாவில் ஈரப்பதம் 40-50 சதவிகிதம் இருக்கட்டும்.